கடவுள் மாறாதவர் என்னும் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள திருச்சபைகளில், திடப்படுத்தல் வகுப்பிலும் வீட்டு ஜெபக்கூட்டத்திலும் துக்க வீட்டிலும், இந்த விசுவாசத்தைப் பற்றி மக்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதப்பட்டுள்ளது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இந்தப் போதனையின் அடிப்படையில் ஒன்றுபட்டிருப்பதால், பதில்கள் இரு தரப்பாருக்கும் பொதுவானவை.

கேள்வி: கடவுள் மாறாதவர் என்னும்போது திருச்சபை எதைக் கருதுகிறது?

கடவுள் தம்முடைய இருப்பிலும் குணத்திலும் நோக்கத்திலும் வாக்குறுதியிலும் மாறுவதில்லை என்பதே அந்தப் போதனை. அவர் வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்வதுமில்லை, அறிந்ததை மறப்பதுமில்லை. நேற்று இரக்கம் காட்டிவிட்டு இன்று அலுத்துப்போவதுமில்லை. மாறுகிற எதுவும் ஒன்றில் முன்பு இல்லாத நன்மையைப் பெறுகிறது, அல்லது இருந்த நன்மையை இழக்கிறது. கடவுளிடம் குறைவே இல்லாதபடியால் அவர் பெறவேண்டியது ஒன்றுமில்லை. அவர் தம்மிலேயே ஜீவனுள்ளவராக இருப்பதால், அவரிடமிருந்து எதையும் பறிக்கக்கூடியவரும் இல்லை. இந்த வாதத்தை 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினாஸ் ஒழுங்காக வகுத்துத் தந்தார். ஆனால் அதன் வேர் அவருக்கும் வெகு முந்தியது: எரிகிற முட்செடியின் நடுவிலிருந்து மோசே கேட்ட "இருக்கிறவராக இருக்கிறேன்" (யாத்திராகமம் 3:14) என்னும் வார்த்தையிலேயே அது இருக்கிறது.

கடவுள் செயலற்றிருக்கிறார் என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அவர் படைக்கிறார், அழைக்கிறார், கண்டிக்கிறார், மன்னிக்கிறார், விடுதலையாக்குகிறார். இவற்றையெல்லாம் எப்போதும் ஒரே உள்ளத்தோடு செய்கிறார்.

கேள்வி: வேதாகமத்தில் இது எங்கே சொல்லப்பட்டிருக்கிறது?

பல இடங்களில். "நான் கர்த்தர், நான் மாறாதவர்" என்பது மல்கியா 3:6. "இயேசுகிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்" என்பது எபிரெயர் 13:8; அதற்கு முந்திய வசனம், தேவவசனத்தைப் போதித்து வாழ்க்கையை முடித்துச் சென்ற தலைவர்களை நினைத்துக்கொள்ளச் சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். போதகர்கள் மறைந்துபோகிறார்கள், அவர்கள் அறிவித்தவர் அப்படியே இருக்கிறார் என்பதுதான் அங்கே தரப்படும் ஆறுதல்.

யாக்கோபு 1:17 கடவுளைச் "சோதிகளின் பிதா" என்று அழைத்து, "அவரிடத்தில் யாதொரு மாறுதலும் யாதொரு வேற்றுமையின் நிழலுமில்லை" என்கிறது. பள்ளத்தாக்கில் கட்டப்பட்ட லயன்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், குடியிருப்போருக்கு இந்த வசனத்தை அதிகம் விளக்கத் தேவையில்லை. எதிர்மலையில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, பின்னேரம் மலையின் நிழல் வாசலுக்கு இறங்கிவிடும். காயப்போட்ட உடுப்பு பாதி ஈரத்தோடு கொடியில் நிற்கும். சூரியனும் சந்திரனும் ஒளி தருகின்றன, ஆனால் இடம் மாறுகின்றன. அவை மாற மாற நிழலும் நகர்கிறது. அவற்றைப் படைத்தவரிடம் அப்படி நகரும் நிழல் இல்லை, அவர் தரும் நன்மை ஒரு வேளையோடு முடிந்துபோவதில்லை என்று யாக்கோபு சொல்கிறார்.

மல்கியாவின் வசனத்தையும் அதற்கு முந்திய வசனத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு கேள்வியில் வருவோம்.

கேள்வி: "கடவுள் மனஸ்தாபப்பட்டார்" என்று அதே வேதாகமம் சொல்கிறதே?

சொல்கிறது; அதை மறைக்கத் தேவையில்லை. மனுஷனை உண்டாக்கியதற்காக அவர் மனஸ்தாபப்பட்டார் என்று ஆதியாகமம் 6:6 கூறுகிறது. பொன் கன்றுக்குட்டியின் சம்பவத்துக்குப் பின், மோசே மன்றாடியபோது, செய்ய நினைத்த தீங்கை அவர் செய்யவில்லை. 1 சாமுவேல் 15ஆம் அதிகாரம் இன்னும் கூர்மையானது: சவுலை ராஜாவாக்கியது தமக்கு மனஸ்தாபமாயிருக்கிறது என்று 11ஆம் வசனத்தில் கர்த்தர் சொல்கிறார், மனஸ்தாபப்பட அவர் மனுஷன் அல்ல என்று 29ஆம் வசனத்தில் சாமுவேல் சொல்கிறார், 35ஆம் வசனமோ மறுபடியும் அவர் மனஸ்தாபப்பட்டார் என்றே முடிகிறது. ஒரே அதிகாரத்துக்குள் இவ்வளவு அருகருகே இவற்றை எழுதியவர் தாம் எழுதியதை அறியாமல் எழுதினார் என்று நினைப்பது நியாயமல்ல. கடவுளுடைய துக்கம் உண்மையானது என்றும், அது திட்டம் பிழைத்துப்போன மனிதனின் பின்யோசனை அல்ல என்றும் இரண்டையும் வாசகர் சேர்த்துப் பிடிக்க வேண்டுமென்றே அவர் விரும்பினார்.

இதை விளங்கிக்கொள்ள நல்ல இடம் யோனாவின் புத்தகம். இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழ்க்கப்படும் என்று தீர்க்கதரிசி அறிவித்தார், நகரத்தார் மனந்திரும்பினார்கள், தண்டனை வரவில்லை. கடவுள் மாறிவிட்டார் என்று நாம் சொல்ல நினைக்கும் அந்த இடத்தில், யோனா கோபத்தோடு வேறொன்றைச் சொல்கிறார்: நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர் என்று எனக்கு முன்னமே தெரியும், அதனால்தான் தர்ஷீசுக்கு ஓடினேன் (யோனா 4:2). அதாவது, கடவுளின் குணம் மாறாது என்று நிச்சயமாகத் தெரிந்ததாலேயே யோனா தப்பியோடினார். மாறியவர்கள் நினிவே மக்கள். தீமையை விட்டுத் திரும்புகிற ஜாதியின்மேல் சொல்லிய தீங்கை நிறைவேற்றமாட்டேன் என்பது கடவுள் எரேமியா 18:7-10இல் தாமே வெளிப்படையாக வைத்திருக்கும் நியதி. நினிவேயைத் தப்பவிட்டது அந்த நியதியைக் காத்ததேயன்றி மீறியதல்ல.

கேள்வி: மாறாத கடவுளிடம் ஏன் ஜெபிக்க வேண்டும்? என் ஜெபம் எதை மாற்றப் போகிறது?

கடவுளுடைய மனதை மாற்றுவதற்காக நாம் ஜெபிப்பதில்லை. ஜெபத்தின் வழியாகத் தருவதென்று அவர் நியமித்ததைப் பெற்றுக்கொள்வதற்காக ஜெபிக்கிறோம். இது அக்குவினாஸ் கொடுத்த விடை. இதைவிடச் சிறந்த விடை இதுவரை கொடுக்கப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. கடவுள் இன்னது நடக்கும் என்பதை மட்டும் நியமிப்பவர் அல்லர். அது எதன் மூலமாக நடக்கும் என்பதையும் நியமிக்கிறார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக இரவு முழுவதும் ஜெபித்த தாய், விடிந்ததும் பிள்ளையைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிச் செல்கிறாள். மருந்து கொடுப்பது கடவுளின் சித்தத்தை மீறுவதல்ல என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய ஜெபமும் அதே போலத்தான்: அது அவருடைய சித்தத்துக்கு வெளியிலிருந்து வந்து அதை வளைக்கப் பார்க்கும் காரியமல்ல, சித்தம் நிறைவேறும் வழிகளில் ஒன்று.

தானியேல் 9ஆம் அதிகாரம் இதற்கு நல்ல சாட்சி. எருசலேமின் பாழ்க்கடிப்பு எழுபது வருஷத்தில் முடியும் என்று எரேமியாவின் வாக்கில் வாசித்த தானியேல், இனி ஜெபிக்க என்ன இருக்கிறது என்று புத்தகத்தை மூடவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து மன்றாடத் தொடங்கினார். வாக்கு உறுதியானது என்பதே அவரை முழங்காலில் நிறுத்தியது.

மறுபுறத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கடவுள் மனநிலைக்குத் தக்கபடி நடப்பவராக இருந்தால், இன்று அவர் எப்படி இருக்கிறாரோ என்று ஒவ்வொரு ஜெபத்துக்கு முன்பும் அஞ்சவேண்டியிருக்கும். இத்தனை நாள் உபவாசித்தால், இவ்வளவு காணிக்கை கொடுத்தால் கடவுளின் தீர்மானத்தை மாற்றிவிடலாம் என்று சில கூட்டங்களில் போதிக்கப்படுவது, அன்றாடச் சம்பளத்தில் வாழும் குடும்பங்களுக்குப் பெரும் பாரமாகிறது. அது சுவிசேஷம் அல்ல. தம்முடைய சொந்தக் குமாரனையே தந்தவரை, நம்மேல் இரக்கம் கொள்ளும்படி விலைகொடுத்து இணங்கவைக்க வேண்டியதில்லை.

கேள்வி: கடவுள் மனிதரானாரே, அது மாற்றம் இல்லையா?

இந்தக் கேள்வியைத் திருச்சபை ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே நேருக்கு நேர் சந்தித்தது. அலெக்சாந்திரியாவில் மூப்பராக இருந்த ஆரியஸ், குமாரன் படைக்கப்பட்டவர், ஆகவே மாறக்கூடியவர் என்று போதித்தார். 325இல் நிசேயாவில் கூடிய சங்கம், குமாரன் பிதாவோடு ஒரே தன்மையுள்ளவர் என்று அறிக்கையிட்டதோடு நில்லாமல், தேவகுமாரன் மாறக்கூடியவர் என்று சொல்வோரைக் கண்டித்தும் எழுதியது. 451இல் கல்செதோன் சங்கம், கிறிஸ்து ஒரே ஆள், அவருக்குத் தெய்வத்தன்மை, மனிதத்தன்மை என இரண்டு தன்மைகள் உண்டு, அவை கலப்பின்றியும் மாற்றமின்றியும் பிரிவின்றியும் பிளவின்றியும் இருக்கின்றன என்று வரையறுத்தது.

இதை எளிதாகச் சொன்னால், வார்த்தையானவர் மாம்சமானபோது தெய்வத்தன்மை மனிதத்தன்மையாகத் திரியவில்லை. அவர் இருந்தவராகவே இருந்து, தமக்கு முன்பு இல்லாத மனிதத்தன்மையைத் தம்முடையதாக்கிக்கொண்டார். ஞானத்திலும் வளர்த்தியிலும் அவர் விருத்தியடைந்தார் என்று லூக்கா எழுதும்போது (2:52), பசித்தார், களைத்தார், லாசருவின் கல்லறையருகே கண்ணீர் விட்டார் என்று நாம் வாசிக்கும்போது, அவை எல்லாம் அந்த மனிதத்தன்மையில் உண்மையாகவே நடந்தவை. அவருக்கு அவை வெறும் வேஷமாக இருக்கவில்லை. ஆனால் தாழ்ந்தோரைத் தேடிவரும் அன்பு பெத்லகேமில் புதிதாகப் பிறந்த ஒன்றல்ல. எகிப்தில் செங்கல் அறுத்தவர்களின் கூக்குரலைக் கேட்டு இறங்கி வந்த அதே அன்புதான் பெத்லகேமில் முகத்தோடும் கைகால்களோடும் வந்தது.

கேள்வி: மாறாதவர் என்றால் நம்முடைய துயரம் அவரைத் தொடுவதே இல்லையா?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அப்படிப்பட்ட ஒரு காலையில் உறவுகளை மண்ணுக்குக் கொடுத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, வரையறைகளை ஒப்புவிப்பது பதில் ஆகாது. முதலில் அவர்களோடு உட்கார்ந்து அழவேண்டும். இருந்தாலும், கேள்விக்குப் பதில் உண்டு, அது சொல்லப்படவும் வேண்டும்.

பழைய இறையியலாளர், கடவுள் உணர்ச்சிகளால் அலைக்கழிக்கப்படாதவர் என்று சொன்னார்கள். 1571இல் இறுதி வடிவம் பெற்ற ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 விதிகளிலும் இது முதலாம் விதியிலேயே இடம்பெறுகிறது. இதன் கருத்து அவருக்கு அன்பு இல்லை என்பதல்ல. நம்முடைய அன்பு கூடும், குறையும், பயத்தால் கலங்கும், களைப்பால் சோரும். அவருடைய அன்பு எப்போதும் முழுமையாகவே இருப்பதால், அதைக் கூட்டுவதற்கு ஒரு விபத்தும் தேவையில்லை, குறைப்பதற்கு எந்தக் குற்றத்துக்கும் வலிமையில்லை. 20ஆம் நூற்றாண்டில், இரண்டாம் உலகப் போரின் அழிவைக் கண்டு வளர்ந்த யூர்கன் மோல்ட்மன் போன்ற ஜெர்மானிய இறையியலாளர், துன்பப்பட முடியாத கடவுளால் நேசிக்கவும் முடியாது என்று இந்தப் போதனையை எதிர்த்தார்கள். அவர்களுடைய அக்கறையை நான் மதிக்கிறேன். ஆயினும், எங்களோடு சேர்ந்து துக்கத்தில் மூழ்கிப்போகிற ஒருவரைவிட, துக்கத்துக்குள் முழுவதுமாக இறங்கிவந்தும் அதனால் தோற்கடிக்கப்படாத ஒருவரே எங்களுக்குத் தேவை என்று நம்புகிறேன். சிலுவையில் குமாரன் தம்முடைய மனித உடலிலும் ஆத்துமாவிலும் உண்மையாகவே வேதனைப்பட்டார். வேதனைப்பட்டவர் கடவுளின் குமாரனே. ஆகையால் மண் மூடிய வீட்டின் துயரம் கடவுளுக்கு அந்நியமானதல்ல. அந்தத் துயரம் அவரை நம்மைவிட்டு விலகச் செய்யவும் முடியாது.

கேள்வி: பழைய ஏற்பாட்டில் கோபக்காரராகவும் புதிய ஏற்பாட்டில் அன்பானவராகவும் அவர் மாறிவிட்டாரா?

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் இப்படித்தான் நினைத்து, இரண்டு கடவுள்கள் உண்டு என்று போதித்தார். ரோமாபுரிச் சபை அவரை 144ஆம் ஆண்டளவில் விலக்கியது. "இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும்" உள்ளவர் என்ற அறிமுகம் யாத்திராகமம் 34:6இல் இருக்கிறது. கடுமையான நியாயத்தீர்ப்பின் எச்சரிக்கைகள் பல இயேசுவின் வாயிலிருந்தே வருகின்றன. ஏற்பாடு மாறியது, ஏற்பாட்டைச் செய்தவர் மாறவில்லை.

கேள்வி: திருச்சபையின் சட்டங்களும் வழிபாடும் மாறுகின்றனவே?

அவை மாறலாம், சில வேளை மாறியே ஆகவேண்டும். விருத்தசேதனம் புறவினத்தாருக்கு அவசியமில்லை என்று அப்போஸ்தலர் 15இல் சபையே தீர்மானித்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962-1965) இலத்தீன் திருப்பலி தமிழில் ஒலிக்கத் தொடங்கியது. இவற்றால் கடவுளின் மாறாத்தன்மைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

கேள்வி: அப்படியானால் நம்முடைய நிலைமையும் கடவுள் நியமித்தது, அதை மாற்ற முயலக்கூடாது என்பதா?

இல்லை. மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது மலையகத்தில் அதிக வேதனையோடு கேட்கப்படுகிறது; ஏனெனில் "எல்லாம் தேவ சித்தம், பொறுமையாயிருங்கள்" என்று சொல்லி, மாறவேண்டியவற்றை மாறாதவரின் பெயரால் நியாயப்படுத்திய பிரசங்கங்களும் இங்கே கேட்கப்பட்டிருக்கின்றன. மாறாத்தன்மை கடவுளுக்கு மட்டுமே உரிய இலட்சணம். அதை லயன் அறைக்கும் சம்பள விகிதத்துக்கும் காணியற்ற வாழ்வுக்கும் ஏற்றிச் சொல்வது, மனிதர் செய்த ஏற்பாட்டுக்குக் கடவுளின் மகிமையைக் கொடுப்பதாகும்.

இப்போது மல்கியாவுக்கு வருவோம். "நான் மாறாதவர்" என்று கர்த்தர் சொல்வதற்கு உடனடியாக முன்னால், 3:5இல், அவர் யாருக்கு விரோதமாகத் தீவிரமான சாட்சியாக இருப்பார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் சூனியக்காரரும் பொய்யாணை இடுகிறவர்களும் இருப்பதோடு, கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களும் பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அதைச் சொன்ன அதே மூச்சில்தான் தாம் மாறாதவர் என்கிறார். யாக்கோபின் நிருபமும் இவ்வாறே: நிழலற்ற சோதிகளின் பிதாவைப் பற்றி முதலாம் அதிகாரத்தில் எழுதியவர், ஐந்தாம் அதிகாரத்தில், வயல் அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டிருக்கிறது என்று எழுதுகிறார்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு இந்த வசனங்கள் தூரத்து வசனங்கள் அல்ல. ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று நிறை கழிக்கப்படும்போதும், குறித்த கிலோவுக்குச் சற்றுக் குறைந்ததால் நாள் முழுவதும் மலையில் நின்ற ஒரு பெண்ணுக்கு அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடப்படும்போதும், அந்தத் தராசைக் கடவுள் பார்க்கிறார். மல்கியாவின் காலத்தில் பார்த்த அதே கண்ணோடு பார்க்கிறார்.

பரதேசி என்ற சொல்லும் இங்கே உறைக்கவேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தம், 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாகப் பிரிந்து, கோச்சியில் (ரயிலில்) தலைமன்னார் வரை சென்று கப்பலேறிய குடும்பங்களின் கதை இன்றும் வீடுகளில் சொல்லப்படுகிறது. இங்கேயே நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரே மனிதர், ஒரே லயனில் இருந்தபடி, பத்திரத்தில் மாத்திரம் இத்தனை முறை வேறொருவராக்கப்பட்டார். அவரைப் பெயர் சொல்லி அறிந்த கடவுளுக்கு முன்பாக அவர் ஒரு நாளும் வேறொருவராகவில்லை.

சபைகளும் இங்கே தங்களை ஆராய வேண்டும். 1854இல் ஆங்கிலிக்கர் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் தோட்டங்களுக்குச் சுவிசேஷத்தையும் எழுத்தறிவையும் கொண்டுவந்தது. அதற்கு நாம் நன்றியுள்ளவர்கள். ஆனால் அது தோட்டத்துரைமாரின் ஆதரவையும் சார்ந்திருந்தது. துரையின் ஆதரவில் நடக்கும் ஊழியத்தில் மல்கியா 3:6ஐ வாசிப்பது எளிது, 3:5ஐ உரக்க வாசிப்பது கடினம். இன்றைக்கும் அந்தக் கடினம் முற்றாக நீங்கிவிடவில்லை. கடவுளின் நீதி மாறாதது என்று விசுவாசிக்கிறவர், நீதியற்ற நிலைமை மாறவேண்டும் என்று கேட்பதற்கு மற்றவர்களைவிட அதிகக் காரணம் உள்ளவர்.

கேள்வி: எல்லாச் சபைகளும் இதை ஏற்கின்றனவா?

அதிகாரபூர்வமான அறிக்கைகளில், ஆம். 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் சங்கமும் 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கமும் இதை அறிக்கையிட்டன. 1647ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் சிறிய வினாவிடை, கடவுள் யார் என்ற கேள்விக்கு, முடிவற்றவரும் நித்தியரும் மாறாதவருமான ஆவி என்று விடை தருகிறது. அண்மைக் காலத்தில் சில அமெரிக்க இறையியலாளர், எதிர்காலம் கடவுளுக்கும் திறந்தே இருக்கிறது, அவரும் கற்றுக்கொண்டே போகிறார் என்று எழுதியிருக்கிறார்கள். அவர் நம்மோடு மெய்யாக உறவாடுகிறார் என்பதைக் காக்கவே அவர்கள் அப்படி எழுதினாலும், அதற்காக வாக்குறுதியின் உறுதியை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அது மிகப் பெரிய விலை.

கேள்வி: என் சைவ உறவினர்களும் இறைவன் மாறாதவர் என்கிறார்களே?

உண்மைதான். பதியாகிய இறைவன் அநாதியானவர், விகாரமற்றவர் என்று சைவ சித்தாந்தமும் போதிக்கிறது. ஒரே லயனில் அருகருகே வாழும் நாம் இதை மதிப்போடு ஒப்புக்கொள்ள வேண்டும். வேறுபாடு, அந்த மாறாத கடவுள் நாசரேத்தூர் இயேசுவில் ஒரே முறையாக மனிதராகி, சிலுவையில் மரித்து உயிர்த்தார் என்று நாம் அறிக்கையிடுவதில் இருக்கிறது.

கேள்வி: என் விசுவாசம் தளர்ந்துவிட்டது. அவரும் என்னைக் கைவிட்டிருப்பாரா?

"நாம் உண்மையில்லாதவர்களாயிருந்தாலும், அவர் உண்மையுள்ளவராயிருக்கிறார், அவர் தம்மைத்தாம் மறுதலிக்கமாட்டார்" (2 தீமோத்தேயு 2:13). முந்திய வசனத்தில் அவரை மறுதலிப்பதைப் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. அதை இலேசாக எடுக்கலாகாது. ஆனால் திரும்பிவர விரும்புகிறவர், வாசல் இன்னும் திறந்திருக்குமா என்று சந்தேகப்பட வேண்டியதில்லை.

கேள்வி: நோயாளியின் அருகில் இதைப் பற்றி வாசிக்க எந்தப் பகுதி பொருத்தமானது?

சங்கீதம் 102. "நீரோ மாறாதவராயிருக்கிறீர், உமது ஆண்டுகள் முடிந்துபோவதில்லை" என்ற 27ஆம் வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடாமல், தொடக்கத்திலிருந்து வாசியுங்கள். அது துயரப்படுகிறவனின் விண்ணப்பம்: நாட்கள் புகையைப்போல் ஒழிகின்றன, எலும்புகள் எரிகின்றன, சாப்பாடு மறந்துபோகிறது, நித்திரையில்லாமல் வீட்டின்மேல் தனித்திருக்கும் குருவியைப்போல் அவன் கிடக்கிறான். தன் பெலன் பாதிவழியில் ஒடுக்கப்பட்டது என்று 23ஆம் வசனத்தில்கூட முறையிடுகிறான். இவ்வளவையும் சொல்லத் துணிந்த பிறகே அவன் மாறாதவரைப் பற்றிப் பேசுகிறான். நோயாளிக்கும் தன் முறைப்பாட்டைச் சொல்ல நேரம் கொடுங்கள். அவசரப்பட்டு 27ஆம் வசனத்துக்குத் தாவவேண்டாம். உரத்து வாசிக்கக் கூடியவர் வீட்டில் இல்லாவிட்டால் உபதேசியாரை அல்லது சபை ஐயரை (போதகரை) அழையுங்கள்.